காயலாங்கடையில் ஒரு பொன்வண்டு



நான் செய்த ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் செஞ்சி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் விஞ்ஞானக் கண்காட்சி நடைபெற்றது. நடுவர்கள் மூவரில் நானும் ஒருவன். வரிசையாக மேசைகள். அவற்றின் மேல் எரிமலை, காற்றாலை, சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிப்பு என்று பலவகை மாதிரிகள். ஒரு மேசையில் தெர்மோகோலால் செய்த பெரிய தேனீ இருந்தது. பளபளக்கும் தாளில் இறக்கைகள், மஞ்சளும் கறுப்புமாக வண்ணப்பூச்சு, கண்களில் சிவப்பு விளக்கு. அதற்கு அடுத்த மேசையில் உள்ளங்கை அளவே உள்ள ஓர் இரும்பு வண்டு. உடைந்த இரண்டு ஸ்பூன்களின் குழிந்த பகுதிகள்தான் அதன் முதுகு. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்துக் கால்கள் செய்திருந்தான் அந்த மாணவன். பழைய கைக்கடிகாரத்தின் பல்சக்கரம் ஒன்று கழுத்தருகே தெரிந்தது. கண்களுக்குப் பதில் இரண்டு பால்ரஸ் குண்டுகள்.

"இது என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"பொன்வண்டு சார்."

"இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?"

எட்டாம் வகுப்பு மாணவன் அவன். பதில் சொல்லத் தயங்கினான். நாங்களும் நகர்ந்துவிட்டோம். மதிப்பெண் தாளில் அவன் பெயருக்கு எதிரே 'கைவேலை' என்று எழுதினேன். தேனீக்கு முதல் பரிசு கிடைத்தது.

பரிசளிப்பு முடிந்து திரும்பும்போது அந்த இரு மேசைகளின் அருகே சற்று நின்று பார்த்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. முதல் பரிசு பெற்ற தேனீயின் ஆறு கால்களும் அதன் வயிற்றிலிருந்து முளைத்திருந்தன! பூச்சிகளின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளைக் கொண்டது. ஆறு கால்களும் மார்பிலிருந்தே தோன்றுகின்றன என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அதை நடுவரான நானே கவனிக்கவில்லை.

இரும்பு வண்டைத் திருப்பிப் பார்த்தேன். கால்கள் மூன்று சோடிகளாக, மார்பில், சரியான இடத்தில் இருந்தன. இது எளிதன்று. வண்டை மேலிருந்து பார்த்தால் நடுக்காலும் பின்காலும் வயிற்றிலிருந்து வருவதுபோலவே தோன்றும். மார்பின் பின்பகுதியை முதுகு ஓடு மூடியிருப்பதே காரணம். உயிருள்ள வண்டைத் திருப்பிப் பார்த்தவனுக்குத்தான் உண்மை தெரியும். ஸ்பூன் முதுகுகளைத் தூக்கினால், கீழே பழைய குடைத் துணியால் செய்த இரண்டு இறக்கைகள் மடிந்து கிடந்தன. வண்டின் முன்சிறகுகளே கெட்டிப்பட்டு ஓடாக மாறியுள்ளன. பறப்பதற்கு உதவும் பின்சிறகுகள் அவற்றின் அடியில் மடிந்திருக்கின்றன. அதையும் அவன் விட்டுவிடவில்லை.

விசாரித்தேன். தேனீ, கடையில் சொல்லிச் செய்து வாங்கியது. வண்டைச் செய்தவனோ ஒரு பொன்வண்டைக் காற்றுத்துளை இட்ட அட்டைப் பெட்டியில் வேலமர இலையுடன் நான்கு நாள் வைத்திருந்து, லென்ஸால் பார்த்துப் பார்த்து வரைந்து, பிறகு பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறான்.

அறிவித்த பரிசை மாற்ற முடியவில்லை. என் கருத்தை மாற்றிக்கொண்டேன். பழைய இரும்பில் ஒரு பூச்சியைச் சரியாகச் செய்வது விஞ்ஞானப் பயிற்சிதான். நம் பள்ளிகள் அதற்கு இடம் தர வேண்டும் என்பதே என் கருத்து. ஏன் என்று கூறுகிறேன்.

நீராவிக் காலத்துக் கற்பனை

அந்த மாணவன் அறியாமலேயே செய்த இக்கலைக்கு உலகில் ஒரு பெயர் உண்டு. 'ஸ்டீம்பங்க்' என்பார்கள். 1987இல் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் ஒருவகைக் கதைகளுக்கு விளையாட்டாகச் சூட்டிய பெயர் அது. 19ஆம் நூற்றாண்டு நீராவி இயந்திரங்களின் காலம். மின்னணுக் கருவிகள் தோன்றாமல், நீராவியும் பித்தளையும் பல்சக்கரமுமே மேலும் மேலும் வளர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கற்பனையே அக்கதைகளின் அடிப்படை. பின்னர் அது சிற்பத்திற்கும் பரவியது. கடிகாரச் சக்கரங்கள், திருகுகள், சுருள்வில்கள், பித்தளைக் குழாய்கள் ஆகியவற்றைக் கொண்டு தும்பி, வண்டு, சிலந்தி முதலியவற்றைச் செய்யலானார்கள்.

அமெரிக்கக் கலைஞர் மைக் லிபி, இறந்துபோன வண்டுகளின் உடலில் கைக்கடிகாரப் பாகங்களைப் பொருத்துகிறார். பிரான்சு நாட்டுச் சிற்பி எதுவார் மார்த்தினேயின் வழி வேறு. சைக்கிள், கார், தட்டச்சுப்பொறி முதலியவற்றின் பழைய பாகங்களைச் சந்தைகளில் தேடிச் சேர்க்கிறார். அவற்றைக் கொண்டே குளவி, வெட்டுக்கிளி, தும்பி எல்லாம் செய்கிறார். வெல்டிங் செய்வதில்லை, திருகாணிகளால் பூட்டுகிறார். ஆகவே ஒவ்வொரு பாகமும் தானாகவே பொருந்தும் வடிவில் கிடைக்கும்வரை தேட வேண்டும். சிறுவனாக இருந்தபோது ஓர் ஆசிரியர் பூச்சிகளை ஆர்வத்தோடு அறிமுகம் செய்ததே தம் தொடக்கம் என்று அவர் கூறியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது மார்த்தினேயின் வழிதான். அதற்கு ஒரு பூச்சியின் உடல்கூடத் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

நம் நாட்டில்

"வெளிநாட்டில் செய்வார்கள், நம்மால் முடியுமா?" என்று எண்ணாதீர்கள். சண்டிகர் நகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர் நேக் சந்த். 1957 முதல், வேலை முடிந்த நேரங்களில், காட்டுப் பகுதி ஒன்றில் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையல், பீங்கான் துண்டு, பழைய மின்சாரச் சாமான், சைக்கிள் பாகம் முதலியவற்றைக் கொண்டு சிலைகள் செய்து வைத்தார். பல ஆண்டுகள் கழித்தே அரசு அதிகாரிகளுக்கு இது தெரியவந்தது. அரசு நிலத்தில் அனுமதியின்றிச் செய்தது என்பதால் இடித்துவிடும் நிலை வந்தது. மக்கள் ஆதரவு காப்பாற்றியது. 1976இல் அதுவே பொதுமக்களுக்கான பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்றும் சண்டிகர் செல்பவர்கள் அந்தப் பாறைத் தோட்டத்தைக் காணாமல் திரும்புவதில்லை.

இன்னொருவரைச் சொல்கிறேன். இவர் பொறியியல் படித்தவர். பெயர் அரவிந்த் குப்தா. 1978இல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டக் கிராமப் பள்ளிகளுக்கான விஞ்ஞானக் கல்வித் திட்டத்தில் பணியாற்றச் சென்றார். அங்கே அவர் கையாண்ட சாதனங்கள் என்ன தெரியுமா? தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும்! வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டினார். அவை மூட்டுகள் ஆயின. தீக்குச்சிகளை அவற்றில் செருகினால் முக்கோணம், சதுரம், கனசதுரம் எல்லாம் உருவாயின. பின்னர் குப்பையிலிருந்து நூற்றுக்கணக்கான விஞ்ஞானப் பொம்மைகளைச் செய்து காட்டினார். 2018இல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே மண்டகப்பட்டு என்ற ஊர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் செய்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிச் செய்தது என்று அங்குள்ள கல்வெட்டிலேயே பொறித்து வைத்தான். இல்லாத பொருள்களைச் சொல்லிப் பெருமைப்பட்டவன் அவன்! வழக்கமான பொருள் இல்லாதபோது மூளை புதிய வழியைத் தேடுகிறது. தெர்மோகோல் வாங்கப் பணம் இருந்திருந்தால் நம் மாணவனும் ஒருவேளை தேனீயையே வாங்கியிருப்பான்.

கை கேட்கும் கேள்விகள்

படம் வரையும்போது தெரியாததை மறைத்துவிடலாம். கால் எங்கே சேர்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் போகலாம். கம்பியில் செய்யும்போது அது நடக்காது. கம்பி ஏதாவது ஓர் இடத்தில் சேர்ந்தே ஆகவேண்டும். எங்கே? எந்தக் கோணத்தில்? முழங்கால் முன்னோக்கி மடிகிறதா, பின்னோக்கியா? இப்படிப் பொருளே உங்களைக் கேள்வி கேட்கும். பதிலுக்கு மீண்டும் பூச்சியிடம்தான் போக வேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று தீக்குச்சிகளை வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து முக்கோணம் செய்யுங்கள். நான்கைக் கொண்டு சதுரம் செய்யுங்கள். இரண்டையும் பக்கவாட்டில் அழுத்துங்கள். சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. அடுத்து, மேடுபள்ளமான தரையில் ஒரு முக்காலியையும் ஒரு நாற்காலியையும் போட்டுப் பாருங்கள். நாற்காலி ஆடும். முக்காலி ஆடாது.

இப்போது எறும்பு நடப்பதைக் கவனியுங்கள். அவசரமில்லாமல் நடக்கும் பெரிய கட்டெறும்பு ஏற்றது. ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும், மறுபக்கத்து நடுக்காலும் ஒரே சமயத்தில் தரையில் ஊன்றுகின்றன. மற்ற மூன்றும் முன்னே செல்கின்றன. அடுத்த அடியில் இவை ஊன்ற, அவை நகர்கின்றன. அதாவது பூச்சி ஒவ்வொரு அடியிலும் ஒரு முக்காலியின் மேல் நிற்கிறது! ஆறு கால்களால் என்ன பயன் என்ற கேள்விக்கு இதோ ஒரு விடை. ஆறுகால் இயந்திர மனிதக் கருவிகளைச் செய்யும் பொறியியலாளர்களும் இதே நடையைத்தான் பின்பற்றுகிறார்கள். உங்கள் இரும்பு வண்டின் கால்களை இந்த நிலையில் வளைத்து நிறுத்துங்கள். அது நடப்பதுபோலவே தோன்றும்.

பூச்சிக்குள் பல்சக்கரம்

கடிகாரச் சக்கரத்தைப் பூச்சிக்குள் வைப்பது வெறும் அழகுக்காக என்றே நானும் நினைத்திருந்தேன். இயற்கை அதையும் செய்து வைத்திருக்கிறது.

ஐரோப்பாவில் 'இஸ்ஸஸ்' என்ற சிறு தத்துப்பூச்சி வாழ்கிறது. அதன் இளம்பருவப் பூச்சிகளின் பின்னங்கால்கள் உடலோடு சேரும் இடத்தில் 10 முதல் 12 பற்கள் கொண்ட வளைந்த பட்டைகள் இருக்கின்றன. இரு கால்களின் பற்களும் ஒன்றோடொன்று பொருந்திச் சுழல்கின்றன. இது பல்சக்கரமேதான்! 2013இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மால்கம் பர்ரோஸ், கிரிகரி சட்டன் இருவரும் இதை விளக்கினார்கள். தாவும்போது இரு கால்களும் ஒரே நொடியில் உதைக்காவிட்டால் பூச்சி பக்கவாட்டில் சுழன்று போய்விடும். பற்களின் உதவியால் இரு கால்களின் அசைவுக்கு இடையே உள்ள வேறுபாடு, ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் வெறும் 30 கூறுக்குள் அடங்கிவிடுகிறது. நரம்புகளால்கூட இவ்வளவு துல்லியமாகக் கட்டளையிட முடியாது.

நம் அரிசியில் காணும் மூக்கு நீண்ட வண்டின் உறவினம் ஒன்று நியூகினித் தீவுப் பகுதியில் உள்ளது. அதன் கால் இடுப்பில் சேரும் மூட்டு, போல்ட்டும் நட்டும் போலத் திருகு மறையுடன் அமைந்திருப்பதை ஜெர்மானிய விஞ்ஞானிகள் 2011இல் கண்டறிந்தார்கள். சைக்கிள் கடையில் நாம் காணும் இரண்டு பொறிகள், மனிதன் தோன்றும் முன்பே பூச்சிகளின் காலில் இருந்திருக்கின்றன!

பூச்சி இயந்திரமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. பூச்சியைச் சக்கரங்களால் செய்து பழகியவர்கள், பூச்சியும் ஓர் இயந்திரமே என்று நினைத்துவிடக் கூடாது. சிற்பம் எங்கே பொய் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதும் பாடம்தான்.

இஸ்ஸஸ் பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கடைசி முறை தோலுரித்து முழுவளர்ச்சி அடையும்போது பற்கள் மறைந்துவிடுகின்றன. ஏன்? இளம்பருவத்தில் ஒரு பல் உடைந்தாலும் அடுத்த தோலுரிப்பில் புதிய பல் கிடைத்துவிடும். வளர்ந்த பூச்சி மீண்டும் தோலுரிப்பதில்லை. உடைந்தால் உடைந்ததுதான். அதனால் அது வேறு முறையில் தாவுகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். தன் பாகங்களைத் தானே வளர்த்து, தானே கழற்றி, தானே புதுப்பிக்கும் இயந்திரம் எந்த லேத் பட்டறையிலும் இல்லை.

பொன்வண்டின் பச்சைப் பளபளப்பும் அப்படியே. அது சாயம் பூசியது போன்றதன்று. முதுகு ஓட்டின் மேற்புறம் மிக மெல்லிய அடுக்குகளால் ஆனது. அவற்றில் ஒளி பட்டு எதிரொலிக்கும்போது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன. சோப்புக் குமிழியில் தெரியும் வண்ணங்களும் இவ்வகையே. உங்கள் இரும்பு வண்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பச்சையாக, உயிரற்று இருக்கும். பழைய சி.டி. தட்டின் துண்டை ஒட்டிப் பாருங்கள். திருப்பத் திருப்ப நிறம் மாறும். சி.டி.யில் நிறம் தோன்றும் முறை சற்று வேறு. அங்கே நெருக்கமான நுண்வரிகள் ஒளியைப் பிரிக்கின்றன. ஆயினும் சாயமில்லாமலும் நிறம் உண்டு என்பது கண்முன்னே புரிந்துவிடும்.

சிலர் சொல்லும் மறுப்புகள்

"இதனால் மதிப்பெண் வருமா?" என்று பெற்றோர் கேட்கலாம். மேல்வகுப்பில் கரப்பான்பூச்சியின் உடலமைப்பைப் படிக்கப் போகிறீர்கள். கையால் ஒரு பூச்சியைக் கட்டியவனுக்கு அந்தப் படத்தை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

"கலை வேறு, விஞ்ஞானம் வேறு" என்பார்கள் சிலர். நானே அன்று அப்படித்தான் 'கைவேலை' என்று எழுதினேன். 2013இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் ஈயைப் பார்த்துச் செய்த ஒரு பறக்கும் கருவியைப் பறக்கவிட்டார்கள். அதன் எடை சுமார் 80 மில்லிகிராம். கைவேலை தெரியாதவர்களால் அதைச் செய்திருக்க முடியுமா?

"நேரம் ஆகும், மாதிரியைக் கடையில் வாங்கிவிடலாம்" என்பதே இன்று அதிகம் கேட்கும் பேச்சு. இதற்குத்தான் நான் கடுமையாக மறுப்புச் சொல்வேன். கடையில் வாங்கிய மாதிரியில் மாணவன் கற்றது ஒன்றுமில்லை. அதற்குப் பரிசு கொடுக்கும் நடுவர், பணம் இருந்தால் போதும் என்ற தவறான பாடத்தைக் கற்பிக்கிறார். தன் கையால் செய்தவன் மனம் உடைந்து போகிறான். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதிரியின் அளவையும் விளக்கையும் பார்க்காமல், மாணவனின் குறிப்பேட்டைக் கேளுங்கள். எத்தனை நாள் பார்த்தான், என்ன வரைந்தான், எங்கே தவறினான், எப்படித் திருத்தினான் என்று பார்த்து மதிப்பெண் கொடுங்கள்.

நீங்கள் செய்யலாம்

செஞ்சிக்கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டினார்கள். இருக்கும் பாறையையே அரணாக்கினார்கள். சுடுமண் குழாய்கள் வழியே கல்யாண மகாலுக்கு நீர் கொண்டுவந்தார்கள். 2025இல் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர்களோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. இனி இன்னும் பலர் அதைப் பார்க்க வருவார்கள். மதிலைப் பார்க்கும் கண்களால் மதிலோரப் புதரையும் பாருங்கள். மழைக்குப் பின் வேலமரத்தில் பொன்வண்டு, புல்லில் கும்பிடுபூச்சி, குளத்தருகே தட்டான், பாதையில் சாணம் உருட்டும் வண்டு எல்லாம் இருக்கும். பிடிக்க வேண்டாம், பார்த்து வரையுங்கள். கோட்டையிலிருந்து ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது. பாறையிடுக்கில் தேன்கூடு தென்பட்டால் ஓசைப்படாமல் விலகிவிடுங்கள்.

சாமான்களுக்குக் கடைவீதிக்குப் போங்கள். பஞ்சர் கடையில் அறுந்த செயின், வளைந்த ஸ்போக்ஸ் கம்பி, தேய்ந்த பால்ரஸ் குண்டு, பெல் மூடி கிடைக்கும். கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் உதவாத சக்கரங்கள் இருக்கும். மரியாதையாகக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். எந்தப் பாகம் எதற்குப் பயன்பட்டது என்றும் கேளுங்கள். அவர்களும் உங்களுக்கு ஆசிரியர்களே. முதலில் எல்லாவற்றையும் தாளில் பரப்பிப் பாருங்கள். செயினின் ஒரு கண்ணி எறும்பின் இடுப்பை நினைவூட்டலாம். பெல் மூடி ஆமை வண்டின் முதுகாகலாம்.

துருவைத் தேய்க்கும்போது கைக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரிகளை உடைக்காதீர்கள். உள்ளே இருப்பது நஞ்சு. வெல்டிங், பற்றவைப்பு வேலைகளைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். மெல்லிய கம்பியால் கட்டுவதும் திருகாணியால் பூட்டுவதும் உங்களுக்குப் போதும்.

பள்ளிதோறும் ஒரு மரப்பெட்டி வையுங்கள். மாணவர்கள் கொண்டுவரும் பழைய பாகங்கள் அதில் சேரட்டும். அடுத்த கண்காட்சியில் ஒரு மேசையை இரும்புப் பூச்சிகளுக்கு ஒதுக்குங்கள். எந்த ஊரிலாவது நான் நடுவராக வந்தால், உங்கள் வண்டை முதலில் திருப்பிப் பார்ப்பேன். கால்கள் மார்பில் இருக்கின்றனவா என்று எண்ணுவேன். பிறகு, "இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?" என்ற அதே கேள்வியைக் கேட்பேன். தயங்காமல், குறிப்பேட்டைத் திறந்து காட்டுங்கள்.